கொடிவழியும் கூட்டுவாழ்வும்: இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம்

கொடிவழி கூறுதல் தமிழர்க்குப் புதிய வழக்கன்று. அன்பில் செப்பேடுகளும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் சோழர் குலத்தைக் கதிரவன் முதலாகத் தொடங்கி, கொடையளித்த மன்னன் ஈறாக வரிசைப்படுத்துகின்றன. காப்பியப் புலவரும் தலைவனின் குலமுறை கிளத்தலைத் தம் கடனாகக் கொண்டனர். ஆயினும் இவை அரசர்க்கும் பெருங்குடியினர்க்கும் பிறர் பாடி வைத்த சிறப்புக்களேயாம். பொதுமக்கள் தாமே ஒரு சங்கமாகக் கூடி, எழுத்துச் சான்றுகளைத் தேடித் தம் முன்னோர் வரிசையை நிறுவி, அதனை அச்சிட்டு, அவ்வரிசையையே தம் சமுதாய வாழ்வுக்கு அடிப்படையாக அமைத்துக்கொண்ட முயற்சி பிற்காலத்தது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் 1845ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நியூ இங்கிலாந்து வரலாற்றுக் கொடிவழிச் சங்கம் இவ்வகையில் முற்பட்டது. நம் அண்டை நாடாகிய இலங்கையில் இத்தகைய அமைப்பு ஒன்று 1908இல் தோன்றியது. அதுவே ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம்.

இவ்வொன்றியத்தின் பணியும் கூட்டுவாழ்வும் எவ்வாறு அமைந்தன என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் முதல் நோக்கம். கொடிவழிச் சங்கம் எதுவும் முன்னோரைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. உறவினர் யார், அயலார் யார் என வரையறுக்கவும் செய்கிறது. அவ்வரையறை சான்றுகளிலிருந்து தானே பிறப்பதன்று. உறவை எண்ணும் முறையிலிருந்து பிறப்பது. இதனை நிறுவுதல் இரண்டாம் நோக்கம்.

பெயரும் மக்களும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடையும் வரை இலங்கைக் கரையோரப் பகுதிகள் அவர்தம் ஆட்சியில் இருந்தன. ஆட்சி மாறிய பின்னர்ச் சிலர் பத்தேவியாவுக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். பலர் இலங்கையிலேயே தங்கினர். தங்கியோரின் வழிவந்தவரே இங்குக் கருதப்படுவோர்.

‘பர்கர்’ என்னும் ஒல்லாந்தச் சொல் நகரக் குடியுரிமை உடையானைக் குறிப்பது. கம்பெனியின் ஊதியம் பெறாது, நகரில் தொழிலோ வணிகமோ செய்து வாழ்ந்த ஐரோப்பியரையே தொடக்கத்தில் அச்சொல் சுட்டியது. ஆங்கிலேயர் காலத்தில், கம்பெனிப் பணியாளர் வழியினரும் அப்பெயருள் அடங்கினர். இலங்கைத் தமிழில் இவர்கட்குப் ‘பறங்கியர்’ என்று பெயர். ஐரோப்பியரைப் பொதுவாகச் சுட்டிய ‘பிராங்கு’ என்னும் இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வாயிலாகத் திரிந்து நம்மிடம் வந்ததே ‘பறங்கி’ என்பது. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களில் அது நிலைபெற்றிருத்தல் யாவரும் அறிந்தது. சிங்களத்தில் இவர்களைக் குறிக்கும் ‘லன்சி’ என்பதோ ஒல்லாந்தர் என்னும் பெயரின் திரிபு. ஒரே மக்களை ஒரு மொழி ‘நகரத்தார்’ என்றும், ஒரு மொழி ‘ஐரோப்பியர்’ என்றும், ஒரு மொழி ‘ஒல்லாந்தர்’ என்றும் வழங்கிற்று. எப்பெயர் தமக்கு உரியது என்னும் வினாவே ஒன்றியத்தின் தோற்றத்திற்கு அடிப்படையாயிற்று எனலாம்.

ஒன்றியத்தின் தோற்றம்

ஒன்றியத்தை நிறுவியவர் ஆர். ஜி. அந்தோனிஸ் (1852–1930). இவர் இலங்கை அரசின் முதல் ஆவணக் காப்பாளர். காலி நகரிற் பிறந்தவர். கொழும்பிலிருந்த ஒல்லாந்த ஆவணங்களை வகைப்படுத்தி, 1907இல் அவை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரித் திங்கள் 18ஆம் நாள் ஒன்றியம் தோன்றியது. ஆவண அறிக்கையும் ஒன்றியமும் அடுத்தடுத்து வந்தமை தற்செயலன்று. பழந்தாள்களைப் படித்தறியும் திறமே ஒரு சமுதாயத்தைத் திரட்டும் கருவியாயிற்று.

அவர்தம் பெயரே ஒரு கொடிவழிச் சான்று. ‘அந்தோனிஸ்’ என்பது ‘அந்தோனியின் மகன்’ எனப் பொருள்படும் தொடரின் குறுக்கம். ஒல்லாந்தரிடையே தந்தை பெயரைத் தன்பெயரோடு சேர்த்து வழங்கும் முறை நெடுங்காலம் இருந்தது. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்குமுன் இடும் வழக்கத்தோடு இது ஒப்புநோக்கத்தக்கது. இம்முறையில் பெயரின் ஈறு தலைமுறைதோறும் மாறும். எனவே ஒரே குடும்பத்தார் வெவ்வேறு பெயரினராகவும், உறவற்ற இருவர் ஒரே பெயரினராகவும் ஏடுகளிற் காணப்படுதல் இயல்பு. ‘வான்’ என்னும் அடை பெற்ற பெயர்கள் ஊரைக் குறித்தெழுந்தவை. நம் ஊர்ப்பெயர் முன்னொட்டை ஒப்பன.

ஒன்றியத்தின் நோக்கங்கள் பல: ஒல்லாந்த வழியினரின் ஒழுக்கமும் கல்வியும் நல்வாழ்வும் பேணுதல், முன்னோரின் வழக்கங்களுட் சிலவற்றை மீண்டும் உயிர்ப்பித்தல், ஒல்லாந்த மொழியைக் கற்பித்தல், நூலகம் அமைத்தல், வரலாற்றுக் கட்டுரைகள் வெளியிடுதல், குடும்பங்களின் கொடிவழிகளைத் தொகுத்து அச்சிடுதல் என்பன அவற்றுள் தலையாயவை. 1908 முதலே ஒன்றியம் தனக்கென ஓர் ஆய்விதழை நடத்தத் தொடங்கியது. கொடிவழிகள் அவ்விதழிலேயே தொடர்ந்து வெளிவந்தன. தொகுத்தோருள் எப். எச். டி வோஸ், டி. வி. ஆல்ட்டன்டோர்ப் ஆகிய இருவரின் உழைப்புப் பெரிது.

சான்றுகள்

இவர்கள் வாய்மொழிக் கதைகளை மட்டும் நம்பி எழுதவில்லை. கம்பெனி ஆட்சி எழுத்தின்மீது நடந்த ஆட்சி. ஆதலின் சான்றுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றை ஐவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, திருச்சபைப் பதிவேடுகள். கொழும்பிலுள்ள வுல்வெண்டால் தேவாலயம் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. அதன் திருமுழுக்கு, திருமண ஏடுகள் கொடிவழிக்கு முதுகெலும்பு போன்றவை. திருமுழுக்குப் பதிவில் குழந்தை, பெற்றோர் பெயர்களோடு சான்றாக நின்றோர் பெயர்களும் உண்டு. அச்சான்றாளர் பெரும்பாலும் உறவினராதலின், நேரே கூறப்படாத உறவுகளையும் அவர்வழி உய்த்துணரலாகும்.

இரண்டாவது, கம்பெனிப் பணியாளர் பட்டியல்கள். ஒருவன் எவ்வூரினன், எக்கப்பலில் வந்தான், எப்பதவி ஏற்றான் என்பவற்றை இவை தெரிவிக்கும். 1699 முதல் 1794 வரை கம்பெனிக் கப்பல்களில் வந்தோரின் பதிவுகள் இன்று நெதர்லாந்து நாட்டு ஆவணக் காப்பகத்தாரால் கணினியில் தேடும் வண்ணம் தொகுக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது, இறந்தோரின் உடைமைகளையும் பெற்றோரை இழந்த சிறாரின் பங்குகளையும் காத்த மன்றத்தின் ஏடுகளும், இறுதி விருப்ப ஆவணங்களும். பங்கு பிரிக்கும்போது எல்லா மக்களையும் பெயர்சுட்டிக் கூறவேண்டியிருந்தமையின், வேறெங்கும் காணாத பெயர்கள் இவற்றில் காணக்கிடைக்கும்.

நான்காவது, கல்லறைக் கல்வெட்டுக்கள். 1877இல் லியோபோல்டு லுடோவிசி ஒல்லாந்தக் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்தார். 1913இல் பென்றி லூயிஸ் இலங்கையின் கல்லறை, நினைவுச்சின்ன எழுத்துக்களை விரிவாகத் தொகுத்து வெளியிட்டார்.

ஐந்தாவது, வீட்டு ஏடுகள். குடும்ப விவிலிய நூலின் முதற்பக்கங்களில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்துவைத்தல் இவர்தம் வழக்கம். சங்கத்தார்க்கு இவை பெருந்துணை புரிந்தன.

கொடிவழி எழுதும் முறை

ஒன்றிய இதழில் வெளிவந்த கொடிவழிகள் ஒரே அமைப்பினவாக உள்ளன. இலங்கைக்கு முதலில் வந்த ஆண்மகனை முதலெண்ணின்கீழ் நிறுத்துவர். அவன் ஊர், பதவி, மணந்த நாள், மனைவியின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பர். பின்னர்ப் பிள்ளைகளை எண்ணிட்டு வரிசையாகக் கூறுவர். ஆண்மக்களுள் வழி தழைத்தவன் பெயருக்கருகே, அவனைப் பற்றிய செய்தி இன்ன எண்ணின்கீழ்த் தொடரும் என்று சுட்டுவர். அவ்வாறே அடுத்த தலைமுறைக்குச் செல்வர். படிப்போர் எந்த ஒரு பெயரிலிருந்தும் மேலும் கீழும் செல்லலாம். இம்முறையின் சிறப்பு இதுவேயாம்.

பெண்மக்களின் நிலை வேறு. மகள் பெயர் வரும். அவள் மணந்தவன் பெயரும் மணநாளும் வரும். பெரும்பாலும் அதனோடு அவள் வரி முடிந்துவிடும். அவள் பிள்ளைகளைக் காணவேண்டுமாயின் கணவன் குடும்பத்துக் கொடிவழியைத் தேடவேண்டும். கணவன் ஒன்றிய வரம்புக்குப் புறம்பானவனாயின் அத்தேட்டமும் வீணே. எண் என்பது வெறும் அச்சுவசதி போலத் தோன்றினும், எவர் தொடர்வார், எவர் நிற்பார் என்னும் தீர்ப்பும் அதனுள் அடங்கியிருத்தல் கருதற்பாலது.

கூட்டுவாழ்வு

கொடிவழித் தொகுப்புக்காகக் கூடியவர்கள் அதனோடு நிற்கவில்லை. கொழும்புத் தும்முல்லைச் சந்திக்கு அருகே ஒன்றியத்துக்கென ஓர் இல்லம் அமைந்தது. இன்றும் அது உள்ளது. அங்கு வரலாற்றுச் சொற்பொழிவுகளும் இசை நிகழ்ச்சிகளும் விளையாட்டுக்களும் நடைபெற்றன. டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் வரும் புனித நிக்கோலாஸ் விழா குழந்தைகட்குரியது. பரிசில் வழங்கிக் கொண்டாடுவர். வாழையிலையில் சோறும் கறிகளும் பொதிந்து சுட்டெடுக்கும் ‘லம்பிரைஸ்’ என்னும் உணவும், ‘புரூடர்’ என்னும் பண்டிகை அப்பமும் இவர்தம் அடுக்களைக்கே உரியன. ஐரோப்பியப் பெயர் தாங்கிய உணவு வாழையிலையில் வருதல் ஏடுகள் மறைத்ததைச் சமையல் மறைக்கவில்லை என்பதைக் காட்டும்.

ஒன்றியத்தின் சமூகப் பணிக் குழுவினர் வறிய குடும்பங்கட்கும் கைம்பெண்டிர்க்கும் உதவினர். பிள்ளைகளின் கல்விக்குத் துணைநின்றனர். முதியோர்க்கு இல்லம் ஒன்றும் நடத்தினர். வளமுற்ற வழக்கறிஞரும் வறுமையுற்ற எழுத்தரின் கைம்பெண்ணும் ஏழு தலைமுறைக்கு முன் ஒருவனுக்கே பிள்ளைகள் என அச்சிற் காட்டியபோது, உதவி இரவலாகாமல் உறவின் கடமையாயிற்று. கொடிவழி ஆய்வின் நற்பயன்களுள் இது தலையாயது.

இன்னும் ஒன்று உண்டு. ஒன்றிய இதழ் தன் காலத்துப் பிறப்பு, மணம், இறப்புக்களையும் குறித்து வந்தது. முன்னோரைப் பற்றிய ஆய்வுக்கெனத் தொடங்கிய இதழ், பின்னோர்க்குத் தானே மூல ஆவணமாயிற்று.

ஒரு வழியும் பல வழியும்

இனி, வரையறைக்கு வருவோம். 1829இல் இலங்கை உச்சநீதிமன்ற நீதிபதி ரிச்சர்டு ஒட்லி, பறங்கியர் யார் என விளக்கினார். தந்தைவழி முன்னோன் ஐரோப்பியனாக இருந்தால் போதும், தாய்வழியில் உள்நாட்டுப் பெண்டிர் எத்துணையர் இருப்பினும் அவர் வழியினர் பறங்கியரே என்பது அவர் கருத்து. ஒன்றியம் அதனையும் சுருக்கிற்று. ஒல்லாந்தக் கம்பெனி ஆட்சிக்காலத்தில் இலங்கையில் இருந்த ஐரோப்பியன் ஒருவனின் நேர் ஆண்வழியில் வந்தோரே உறுப்பினராகத் தக்கவர் என்றது. போர்த்துக்கேய வழியினர் இதனால் புறத்தே நின்றனர். மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளில் தச்சும் கொல்லும் செய்து, போர்த்துக்கேயக் கலப்புமொழியும் தமிழும் பேசி வாழ்ந்த பறங்கியர் அவருட் பலர். இவ்விரு பிரிவினரின் வேறுபாட்டை டென்னிஸ் மெக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆயின் ‘ஒல்லாந்தர்’ என்ற பெயரையே ஒன்றியத்தின் கொடிவழிகள் ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன. கம்பெனிப் பணிக்கு வந்தோருள் செருமானியர், பிரெஞ்சியர், தேனியர், சுவீடியர் எனப் பலர் இருந்தனர். முதலெண்ணின்கீழ் நிற்பவனின் பிறந்த ஊர் செருமானிய நாட்டினதாக இருத்தல் அரிதன்று. எனவே ஒன்றியத்தாரை இணைத்தது குருதியன்று. ஒரு வணிக நிறுவனத்தின் ஊதியப் பட்டியலே ஆகும்.

தாய்வழியை நோக்கினால் இது மேலும் தெளிவுறும். கம்பெனியின் பணியாளர் பெரும்பாலோர் மணமாகாது தனியே வந்தோர். அவர்கள் இலங்கையிலேயே மணம் செய்தனர். ஆளுநர் மாட்சைக்கர் போன்றோர் அத்தகைய மணங்களை ஊக்கினர். எளிய கணக்கு ஒன்று காண்போம். ஒருவர்க்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பூட்டன் பூட்டியர் எண்மர். இவ்வாறு பெருகினால் ஏழாம் தலைமுறையில் முன்னோர் இடங்கள் 128 ஆகும். உறவினுள் மணம் நிகழ்ந்திருப்பின் ஒருவரே இரண்டிடங்களில் வருவர். எனினும் இடங்களின் எண்ணிக்கை மாறாது. அந்த 128இல் ஆண்வழிக் கொடி காட்டுவது ஓரிடத்தை மட்டுமே. எஞ்சிய 127 இடங்களில் சிங்களப் பெண்டிரும், தமிழ்ப் பெண்டிரும், போர்த்துக்கேய வழியினரும் இருந்திருக்கலாம். அவர்கள் கொடியில் இல்லை. குடும்பப் பெயரில் இல்லை. ஆனால் உடலில் உளர்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலாக நின்றிருந்தால் விட்டுவிடலாம். 1948இல் இலங்கை விடுதலை பெற்ற பின்னரும், சிறப்பாக 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறிய பின்னரும், பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர முற்பட்டனர். அந்நாட்டில் அப்போது வெள்ளையர்க்கே இடமளிக்கும் குடிவரவுக் கொள்கை நடைமுறையில் இருந்தது. தாம் பெரும்பகுதியும் ஐரோப்பிய வழியினர் எனக் காட்ட வேண்டியோர்க்கு அச்சிட்ட கொடிவழிகள் சான்றாகப் பயன்பட்டன. 1973 அளவில் அக்கொள்கை முற்றும் கைவிடப்பெற்றது. அதுவரை ஒரு குடும்பத்தார் கப்பலேறுவதும் கரையில் நிற்பதும், 128 இடங்களில் ஓரிடத்தைக் காட்டும் ஏட்டினால் ஒருபுடை முடிவு செய்யப்பட்டன. அன்பினால் தொகுத்த ஏடு அரசின் கையிற் சென்றபோது சல்லடையாயிற்று.

தமிழ் மரபில் வேறு முறைகள்

ஆண்வழியே இயற்கை, பிற முறைகள் விதிவிலக்கு என்பார் உளர். அதே இலங்கையில், அதே கம்பெனி ஆட்சியில், வேறு முறைகள் வழங்கின. மட்டக்களப்புத் தமிழரிடையே ‘குடி’ என்னும் பிரிவு தாய்வழியே வருவது. அதன் உட்பிரிவினரை ‘வயிற்றுவார்’ என்பர். ஒரு தாய் வயிற்று வழியினர் என்பது பொருள். கோயிற் பொறுப்புக்களும் சிறப்புக்களும் அக்குடி முறைப்படியே பகிரப்பெற்றன. அப்பகுதி முக்குவர் வழமையைக் குறித்து 1876இல் பிரிட்டோ நூலொன்று எழுதினார். ஒரே ஊரில், பறங்கியச் சிறுவன் தந்தை பெயரால் தன் குலம் கூற, அடுத்த வீட்டுத் தமிழ்ச் சிறுவன் தாயின் குடியால் தன் குலம் கூறினான்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை இன்னும் நுணுக்கமானது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி அதனைத் தொகுத்தார். அதன்படி சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படும். முதுசம் தந்தைவழி வருவது. சீதனம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. எனவே பழைய சீதன உறுதிகளை வரிசையாக வைத்து நோக்கினால், மகள், தாய், பாட்டி, பூட்டி எனப் பெண்வழிக் கொடி ஒன்று தானே வெளிப்படும். பறங்கியர் கொடிவழியில் எண் பெறாது நின்ற பெண், யாழ்ப்பாணத்து உறுதியில் நிலத்தின் எல்லைகளோடு நிலைபெற்றிருக்கிறாள்.

ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளையும் இங்கு நினைத்தல் வேண்டும். தலைத்தோம்பில் குடும்பத்தாரின் பெயர்களும், நிலத்தோம்பில் அவர்தம் காணிகளும் பதியப்பெற்றன. ஊர்ப்பள்ளிகளில் இருந்த தோம்புகள் திருமுழுக்குப் பெற்ற உள்நாட்டு மக்களின் பிறப்பு, மணங்களைக் கொண்டிருந்தன. வரி கொள்ளவும் சமயம் பரப்பவும் எழுதப்பெற்ற இவ்வேடுகளில், செப்பேட்டில் இடம்பெறாத உழவரும் கூலிக்காரரும் பெயர்பெற்றுள்ளனர். கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பெற்றன.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் போதருவது இது: ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் சான்று தேடுதலிலும் முறைப்பட எழுதுதலிலும் உறவினரைத் தாங்குதலிலும் நமக்கு வழிகாட்டியாகத் தக்கது. இன்று தமிழகத்திலும் குலச் சங்கங்கள் பல தம் வரலாற்றைத் தொகுக்க முற்படுகின்றன. அவற்றுட் பல செவிவழிச் செய்தியோடு அமைகின்றன. அவர்கள் அந்தோனிசிடமிருந்து ஆவணப் பற்றைக் கற்றல் வேண்டும். ஆயின் ஒரு வழியையே முழுவழியாகக் கொள்ளும் பிழையைக் கற்றலாகாது.

இத்துறையில் புகும் மாணவர்க்குப் பணி நிரம்ப உண்டு. நாகப்பட்டினம் 1690 முதல் 1781 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமை இடமாக இருந்தது. பழவேற்காட்டுக் கல்லறைகளில் அவர்தம் எழுத்துக்கள் உள்ளன. சென்னை ஆவணக் காப்பகத்திலும் ஒல்லாந்த ஏடுகள் உண்டு. அவற்றைப் புரட்டும்போது முதலெண் பெற்ற ஆண்மகனின் பெயரோடு நின்றுவிடாமல், அவனருகே ஒற்றைப் பெயரோடு நிற்கும் மனைவியையும், திருமுழுக்கில் சான்றாக நின்ற பெண்ணையும், எண் பெறாத மகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். எஞ்சிய 127 இடங்களுள் ஓரிரண்டையேனும் நிரப்புதற்கு அக்குறிப்புக்களே துணையாகும்.